ஜ்யோத்ஸ்னா பட் என்ற மட்கலக் கலைஞர்: 'இன்னாரின் மனைவி' என்று தொடங்கினால் போதுமா?

செம்பூர் வாசகி | வெள்ளி, இரவு 9.20

நம் மும்பைத் தமிழர் குழுவில் கச்சேரி பேசியிருக்கிறோம், நாடகம் பேசியிருக்கிறோம், புத்தகம் பேசியிருக்கிறோம். மண்ணில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

போன மாதம் காலா கோடாவில் ஒரு கூட்டுக் கண்காட்சிக்குப் போனேன். ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும் வழியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறிய பூனை படுத்திருந்தது. சுட்ட மண். வெயில் காயும் பூனை தன் எடை முழுவதையும் தரையிடம் ஒப்படைத்துவிடுமே, அந்தப் படுக்கை. நிறம் பாசிப்பச்சை, பளபளப்பு துளியும் இல்லை. அதைத் தொட்டுப் பார்க்கக் கை துடித்தது. கீழே எழுதியிருந்த பெயர் ஜ்யோத்ஸ்னா பட்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1940-இல் கட்ச் கடற்கரை ஊரான மாண்ட்வியில் பிறந்தவர். ஐம்பதுகளின் கடைசியில் நம் ஊர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சிறிது காலம் படித்திருக்கிறார். பிறகு பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் சங்கோ சௌதுரியிடம் சிற்பம். அங்கேதான் மனம் மட்கலத்தின் பக்கம் திரும்புகிறது. அறுபதுகளின் நடுவில் நியூயார்க்கில், புரூக்ளின் மியூசியம் ஆர்ட் ஸ்கூலில் ஜோலியன் ஹாஃப்ஸ்டெட்டிடம் செராமிக்ஸ் பயின்றார். 1972-இல் பரோடாவிலேயே ஆசிரியரானார். செராமிக்ஸ் துறைக்குத் தலைமை வகித்து 2002-இல் ஓய்வு பெற்றார். 2020 ஜூலை 11 அன்று, 80 வயதில் மறைந்தார்.

இவ்வளவையும் நான் பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. முதலில் கண்ணில் பட்ட குறிப்பு எப்படித் தொடங்கியது தெரியுமா? 'புகழ்பெற்ற ஓவியரும் அச்சுக்கலைஞருமான ஜ்யோதி பட்டின் மனைவி.' அதற்குப் பிறகு நான்கு வரி. முப்பது ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் தன் கையால் மண் பிசைந்த ஒருவருக்கு நான்கு வரி. எனக்கு மனம் ஆறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவுக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளாக வீட்டுக்கு அருகில் ஒரு மண் வகுப்புக்குப் போகிறார். அவரும் ஒரு பூனை செய்தார். சூளையிலிருந்து வந்தபோது ஒரு காது தனியாகக் கிடந்தது. வகுப்பில் "விடுங்கள், தூக்கிப் போட்டுவிடலாம்" என்றார்களாம். அம்மா பூனையையும் காதையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து பீரோவில் வைத்திருக்கிறார். காது ஏன் விழுந்தது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிங்ஸ் சர்க்கிள் வேதியியல் | வெள்ளி, இரவு 10.45

அம்மா, வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டு பள்ளியில் வேதியியல் நடத்தியவன். பளபளப்பு இல்லாத பச்சை என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே நின்றுவிட்டேன். அதன் பின்னால் இருக்கும் உழைப்பு வெளியில் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடி இருக்கும். மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அதில் ஆவக்காயைப் போட்டுத் துணி கட்டி வைத்தால் ஆண்டு முழுதும் இருக்கும். அதே ஊறுகாயைத் தண்ணீர்ப் பானையில் போட்டுப் பாருங்கள். நாலாம் நாள் பானையின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கும். பானை சுமார் 900, 1000 டிகிரி வெப்பத்தில் வெந்தது. உடம்பெல்லாம் நுண்துளை. நீர் கசிந்து ஆவியாவதால்தான் அதில் தண்ணீர் குளிர்கிறது. ஊறுகாய் ஜாடியோ 1200 டிகிரிக்கு மேல் வெந்தது. அந்த வெப்பத்தில் மண்ணில் கலந்த ஃபெல்ஸ்பார் என்ற தாது உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. உப்பும் புளிப்பும் உள்ளே இறங்காது. ஆங்கிலத்தில் இதை ஸ்டோன்வேர் என்பார்கள். நம் பாட்டிகள் 'கல்ஜாடி' என்றது அதைவிடப் பொருத்தம்.

ஜ்யோத்ஸ்னா அம்மையார் விரும்பிக் கையாண்டது இந்த ஸ்டோன்வேரும் சுடுமண்ணும்தான். மேலே பூசும் மெருகு (கிளேஸ்) முழுக்க உருகிச் சட்டென்று ஆறினால் கண்ணாடி போல் மின்னும். கலவையில் அலுமினா சற்றுத் தூக்கலாக இருந்தாலோ, சூளையை மெதுவாக ஆறவிட்டாலோ மேற்பரப்பில் நுண்படிகங்கள் தோன்றும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணுக்கு மென்மையான, பட்டுத்துணி போன்ற தோற்றம் கிடைக்கும். அவருடைய நீலப்பச்சையும் பாசிப்பச்சையும் பெரும்பாலும் இந்த வகை. சூடு கொஞ்சம் கூடினால் அதே கலவை வழிந்து மின்னத் தொடங்கிவிடும். குறைந்தால் சுண்ணாம்பு போல வறண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஒரு முறை அந்த நிறம் கிடைப்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஆயுள் முழுவதும் அதையே வரவழைத்தார் என்றால் அதற்குப் பெயர் படிப்பு.

தொண்ணூறடிச் சாலை | சனி, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. மனத்தில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். எங்கள் சந்து முடிந்தால் கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்த குயவர்கள் அவர்கள். முதலில் தென்பம்பாயில் இருந்தார்கள். நகரம் வளர வளர அவர்களை ஒதுக்கித் தள்ளி, 1930-களில் இங்கே குடியேற்றியது. வீட்டின் முன்பக்கம் தெருவுக்கு, பின்பக்கம் சூளைக்கு. விறகுக்கு வழி இல்லாமல் பஞ்சுக் கழிவையும் மரத்தூளையும் போட்டு எரிப்பார்கள். மாலை நேரத்தில் புகை எங்கள் வீட்டுக்குள்தான் வரும். அம்மா ஈரத்துணியைக் கதவிடுக்கில் அடைப்பார்.

அங்கே சக்கரத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். மண்ணைச் சலித்ததும், காலால் மிதித்துப் பதமாக்கியதும், பச்சைப் பானையைத் தலையில் சுமந்து வெயிலில் காயவைத்ததும், நவராத்திரிக்கு விற்கும் கர்பா குடங்களுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசியதும் பெண்கள். நான் பள்ளிக்குப் போகும்போது ஒரு பெண்மணி மண்ணை மிதித்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போதும் மிதித்துக்கொண்டிருப்பார். முழங்கால் வரை சாம்பல் நிறம். அவரைக் கலைஞர் என்று யாரும் சொன்னதில்லை. அவருடைய பெயர் எனக்கும் தெரியாது. அடுத்த சந்தில் இருபது ஆண்டு வாழ்ந்தும் தெரியாது.

நான்கு வரி கிடைத்ததற்கு வருந்துகிறீர்கள். ஒரு வரிகூடக் கிடைக்காதவர்கள் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம், நியூயார்க் என்று போனவர் மண்ணைத் தொட்டால் கலை. குலத்தொழிலாகத் தொட்டவர் செய்தால் பாண்டம். இந்தக் கோட்டைக் கிழித்தது யார்?

செம்பூர் வாசகி | சனி, காலை 9.30

சகோதரரே, நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய கேள்வி. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்மணியின் பெயர் நமக்குத் தெரியாமல் போனதும், ஜ்யோத்ஸ்னாவின் பெயருக்கு முன்னால் கணவர் பெயர் வந்து நின்றதும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருவருக்கு நியாயம் கேட்பதால் மற்றவருக்குரியது குறைந்துவிடாது.

போரிவலிச் சூளை | சனி, பிற்பகல் 2.15

இந்த இழையைப் பார்த்ததும் கையிலிருந்த மண்ணைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தேன். வங்கி வேலையை 41 வயதில் விட்டுவிட்டு மட்கலம் செய்யத் தொடங்கியவள் நான். இப்போது 54. போரிவலியில் ஒரு சிறிய பட்டறை, ஒரு மின்சூளை, வாரத்தில் நான்கு நாள் வகுப்பு.

தாராவித் தம்பிக்கு முதலில். நீங்கள் சொல்லும் கோடு இருக்கிறது. நானும் அதன் ஒரு பக்கத்தில் நிற்பவள்தான். ஒரு காபிக் கோப்பைக்கு நான் வாங்கும் விலையில் கும்பார்வாடாவில் ஒரு கூடை அகல் விளக்கு வாங்கலாம். அதை நான் மறப்பதில்லை. சக்கரத்தில் மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது எப்படி என்று எனக்கு உண்மையில் சொல்லிக்கொடுத்தவர் அங்கே உள்ள ஒரு பெரியவர். ஆறு மாதம் வகுப்பில் வராதது, அவர் என் முழங்கையைப் பிடித்துத் தொடையோடு சேர்த்து அழுத்தியதும் வந்தது. "கையால் அல்ல, இடுப்பால் பிடி" என்றார்.

ஆனால் ஜ்யோத்ஸ்னா பட்டை அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. அவர் சிற்பம் படித்தவர். அந்தக் காலப் பரோடாவில் சிற்பிக்கு இருந்த மதிப்பு வேறு. வெண்கலமும் கல்லும் மரமும் பெரிய வேலை. கிண்ணமும் தட்டும் சின்ன வேலை. அவர் விரும்பிச் சின்ன வேலைக்கு வந்தார். தட்டு, ஜாடி, தாமரை மொட்டு, ஆந்தை, நாய், பூனை. புழங்கும் பொருளையும் குழந்தை கையில் எடுத்து விளையாடும் பொருளையும் கடைசி வரை விடவே இல்லை. கோட்டைக் கிழித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்தவர் அவர்.

பரோடா கலைப்புலத்தில் அறுபதுகளில் தொடங்கிய கலைச் சந்தையையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பொம்மைகளும் பாண்டங்களும் செய்து பொதுமக்களுக்கு விற்பார்கள். ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன் போன்றவர்கள் மரத்திலும் மணியிலும் பொம்மை செய்தார்கள். ஓவியத்துக்கும் பொம்மைக்கும் நடுவில் சுவர் கூடாது என்ற எண்ணம் அங்கே காற்றில் இருந்தது. ஜ்யோத்ஸ்னாவின் பூனையும் ஆந்தையும் அந்தக் காற்றில்தான் மூச்சு விட்டன.

இனி ஆசிரியர் வேலை. இதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. செராமிக்ஸ் ஆசிரியரின் நாள் எப்படிப் போகும் என்று தெரியுமா? மாணவன் செய்த பொருள் முழுதும் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் ஒளிந்திருந்தால் சூளையில் நீராவியாகி வெடிக்கும். அது மட்டும் உடையாது, பக்கத்தில் இருக்கும் நாலு பேருடைய வேலையையும் உடைக்கும். ஜூலை மாதம் இந்த ஊரில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், பத்து நாள் வைத்தாலும் காயாது. பிறகு சூளை அடுக்க வேண்டும். ஒருவருடைய மெருகு வழிந்து இன்னொருவருடைய அடியில் ஒட்டாமல் பார்க்க வேண்டும். இரவில் எழுந்து சூடு பார்க்க வேண்டும். திறக்கும் நாளில் அழுகிற மாணவியின் பக்கத்தில் நிற்க வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டு மிஞ்சும் நேரத்தில் தன் வேலை. நான் வெறும் எட்டு மாணவர்களோடு திணறுகிறேன். 1972 முதல் 2002 வரை ஒருவர் இதைச் செய்தார் என்றால், அவர் செய்த பொருள்களை மட்டும் எண்ணி அவர் வாழ்க்கையை எழுத முடியாது.

அம்மாவின் பூனைக்கு இரவு வருகிறேன். அடுத்த வகுப்பு வந்துவிட்டது.

பெயர் வேண்டாம் | சனி, மாலை 5.50

கணவர் பெயரைச் சொல்வதில் என்ன தவறு என்று எனக்குப் புரியவில்லை. ஜ்யோதி பட் சாதாரண ஆள் அல்ல. கிராமத்துப் பெண்கள் சுவரிலும் தரையிலும் போடும் கோலங்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துச் சேர்த்தவர். 2019-இல் பத்மஸ்ரீ. இருவரும் ஒரே வீட்டில், ஒரே கல்லூரியில் இருந்தவர்கள். சேர்த்துச் சொன்னால் இழிவா?

போரிவலிச் சூளை | சனி, இரவு 8.05

சேர்த்துச் சொல்வது இழிவல்ல. அப்படியானால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். ஜ்யோதி பட்டைப் பற்றிய எத்தனைக் கட்டுரைகள் 'மட்கலக் கலைஞர் ஜ்யோத்ஸ்னாவின் கணவர்' என்று தொடங்குகின்றன? நான் ஒன்றும் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் ஜ்யோதி பட் நியூயார்க்கில் பிராட் இன்ஸ்டிடியூட்டில் அச்சுக்கலை படித்தார். அதே காலத்தில், அதே ஊரில், ஜ்யோத்ஸ்னா புரூக்ளினில் மண் படித்தார். போன இடத்தில் தனக்கென்று ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டார்.

இவர் ஒருவர் மட்டுமல்ல. அவருடைய ஆசிரியர் சங்கோ சௌதுரியின் மனைவி இரா சௌதுரியும் மட்கலக் கலைஞர்தான். பரோடாவிலும் பிறகு டெல்லியிலும் வேலை செய்தவர். அவரையும் 'சிற்பியின் மனைவி' என்று அறிமுகம் செய்து கேட்டிருக்கிறேன். நிர்மலா பட்வர்தன் இன்னொருவர். நம் நாட்டில் கிடைக்கும் மண்ணுக்கும் தாதுக்களுக்கும் ஏற்ற மெருகுக் கலவைகளை ஆயுள் முழுவதும் சோதித்துக் கைநூலாக எழுதினார். என் பட்டறையில் அந்தப் புத்தகத்தின் பக்கங்களில் பாதி மண் கறை. வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள அளவை அப்படியே போட்டால் நம் ஃபெல்ஸ்பாருக்கு ஒத்துவராது. அந்தத் தலைவலியிலிருந்து எங்களைக் காப்பாற்றியவர் அவர்.

கடம் பயில்பவன் | சனி, இரவு 9.40

நான் ஷண்முகானந்தா ஹாலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாகக் கடம் கற்கிறேன். தாராவி நண்பர் எழுதியதைப் படித்ததும் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

என் மடியில் இருக்கும் கடம் மானாமதுரைக் கடம். வைகைக் கரை ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடம் செய்யும் குடும்பத்தில் மீனாட்சி கேசவன் என்ற அம்மையார் இருக்கிறார். அவருடைய கைத்திறனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. மேடையில் வாசிப்பவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு, வாத்தியம் செய்த பெண்ணின் கைக்கும் கொடுத்தது.

சக்கரத்தில் வனைந்து இறக்கியதும் கடம் ஆகிவிடாது. அது வெறும் பானை. பாதி காய்ந்த நிலையில், உள்ளே ஒரு கையில் கல்லை வைத்துத் தாங்கி, வெளியே மரத் தட்டுப்பலகையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஆயிரக்கணக்கான தட்டுகள். எங்கும் ஒரே கனம் வர வேண்டும். ஒரு விரலளவு இடத்தில் மெலிந்துவிட்டால் நாதம் அந்த இடத்தில் செத்துவிடும். ஒவ்வொரு கடத்துக்கும் ஒரே சுருதிதான், வாங்கிய பிறகு பெரிதாக மாற்ற வழியில்லை. சுருதியைத் தீர்மானிப்பது தட்டுகிற கை.

நாங்கள் மேடையில் ஐந்து நிமிடம் தனி ஆவர்த்தனம் வாசித்துக் கைதட்டல் வாங்குகிறோம். முதலில் தட்டியது அவர்.

வெண்ணி | ஞாயிறு, காலை 6.30

தமிழாசிரியையாக இருந்தவள், இப்போது முலுண்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் புனைபெயரைப் பார்த்தாலே நான் எங்கே வரப்போகிறேன் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும்.

புறநானூற்றின் 66-ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக்குயத்தியார். வெண்ணி ஊர், குயத்தி என்றால் குயவர் குலப் பெண். கரிகாலன் வெண்ணிப் போரில் சேரனை வென்றதைப் பாடுகிறார். வென்றவன் முகத்துக்கு நேரே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டானே, அவன். வெற்றியையும் தோல்வியையும் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, எது நன்றாக வெந்தது என்று சொல்கிற பார்வை. பானை வாங்கும்போது நாமும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுத்தானே வாங்குகிறோம்?

கலஞ்செய் கோவே என்று குயவரை விளித்துப் பாடும் பாட்டும் அதே தொகையில், 256-இல் உண்டு. அங்கே ஒரு பெண், இறந்துபோன கணவனுக்குச் செய்யும் தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

குயவருக்கு 'கோ', 'வேட்கோ' என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தக் குலத்துப் பெண் ஒருத்தியின் கவிதையைத் தொகையில் சேர்த்துக் காப்பாற்றிய மொழி. தாராவித் தம்பி கேட்ட கேள்வி என்னை இரவு தூங்கவிடவில்லை. வெண்ணிக்குயத்தியாரின் இயற்பெயரும் நமக்குத் தெரியாது. ஊரும் குலமும்தான் பெயராக நிற்கின்றன.

தொண்ணூறடிச் சாலை | ஞாயிறு, இரவு 7.45

அம்மா, உங்கள் பதிவைக் காலையில் படித்தேன். பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. இப்போது நான் முலுண்டுக்கும் அப்பால், தானேயில் இருக்கிறேன். ரயில் பிடித்து சயானில் இறங்கிக் கும்பார்வாடாவுக்குப் போய் வந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து.

பாதிச் சூளைகள் அணைந்து கிடக்கின்றன. மறுசீரமைப்பு வந்தால் சூளைக்கு இடம் கிடைக்குமா, மாடி வீட்டில் மண்ணை எங்கே கொட்டுவது என்பதுதான் எல்லார் வாயிலும். சக்கரம் இப்போது மின்சாரத்தில் சுற்றுகிறது. நான் சொன்ன பெண்மணியை விசாரித்தேன். முழங்கால் வரை மண்ணோடு, மூன்றாம் சந்து முனையில், என் பள்ளிக் காலத்தில் என்று அடையாளம் சொன்னேன். ஒரு பெரியவர் யோசித்துவிட்டு யார் என்று கண்டுபிடித்தார். காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றனவாம். பெயரைச் சொன்னார். குடும்பத்தைக் கேட்காமல் பொது இடத்தில் எழுதுவது சரியல்ல என்பதால் இங்கே எழுதவில்லை. எனக்குத் தெரியும் இப்போது.

இன்னொன்று பார்த்தேன். அந்த வீட்டில் பேத்தி, இருபது வயதுக்குள் இருக்கும், சக்கரத்தில் உட்கார்ந்திருந்தாள். குல்லட், அதாவது தேநீருக்கான மண் கோப்பை, செய்துகொண்டிருந்தாள். ஒரு பெரிய மண் திரளைச் சக்கரத்தில் வைத்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் எடுத்து ஒரு கோப்பை, நூலால் அறுத்து வைக்கிறாள், மறுபடி உச்சியில் ஒரு கோப்பை. பேச்சு என்னோடு, கண் என் மீது, கை தன் போக்கில். நான் நின்ற நேரத்தில் பலகை நிறைந்துவிட்டது. பாட்டி காலத்தில் பெண்கள் உட்காரவில்லையே என்றேன். "அண்ணன் கூரியர் வேலைக்குப் போய்விட்டான், யாராவது உட்கார வேண்டுமே" என்றாள்.

ஜ்யோத்ஸ்னா பட்டின் பூனைப் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் கேட்டது, "உள்ளே கூடா, கட்டியா?" எனக்குப் பதில் தெரியவில்லை. போரிவலி அக்கா சொல்ல வேண்டும்.

நேற்று நான் எழுதியதில் கடுமை இருந்திருந்தால் வாசகி அக்கா பொறுத்துக்கொள்ளவும். கேள்வியை மட்டும் திரும்பப் பெறவில்லை.

போரிவலிச் சூளை | ஞாயிறு, இரவு 9.15

தம்பி, அந்தப் பெண் கேட்டதுதான் தொழில் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி. இந்த அளவுப் பொருளை எங்களில் பெரும்பாலோர் கூடாகத்தான் செய்வோம். கட்டி மண்ணாக இருந்தால் வெளியே காய்ந்து உள்ளே காயாது, சூளையில் வெடிக்கும். கூடாகச் செய்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசித்துளை ஒன்று விட வேண்டும், உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேற. அந்தப் பெண்ணை என் பட்டறைக்கு அழைத்து வர முடியுமா? என் மின்சூளையை அவள் பார்க்கட்டும். ஒரே திரளிலிருந்து அவள் கோப்பை எடுப்பதை என் மாணவர்கள் பார்க்கட்டும். கூலி கொடுத்துத்தான் அழைக்கிறேன், சும்மா அல்ல.

இனி செம்பூர் அம்மா செய்த பூனையின் காது. அநேகமாக நடந்தது இது. உடம்பை ஒரு நாள் செய்திருப்பார், காதை அடுத்த வாரம் வகுப்புக்கு வந்து ஒட்டியிருப்பார். உடம்பு அதற்குள் பாதி காய்ந்து சுருங்கிவிட்டது. காது புது ஈரம். மண் காய்ந்து வேகும்போது மொத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். முன்பே சுருங்கியது ஒரு பக்கம் நிற்க, புதிதாகச் சுருங்குவது இன்னொரு பக்கம் இழுக்க, ஒட்டிய இடம் விட்டுவிடும்.

அடுத்த முறை இரண்டையும் ஒரே ஈரத்தில், நகம் வைத்தால் பதியும், விரல் வைத்தால் ஒட்டாது என்ற பதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைத் தயிர் போலக் கரைத்துத் தடவி, அழுத்தி ஒட்டி, ஓரத்தைத் தேய்த்து மூட வேண்டும். பிறகு பிளாஸ்டிக் உறையில் நான்கு நாள் மூடி வைத்தால் ஈரம் இரண்டுக்கும் ஒன்றாகப் பரவும்.

பழைய பூனையைத் தூக்கிப் போட வேண்டாம். அது சூளையில் ஒரு முறை மட்டும் வெந்தது என்றால் மெருகு பூசும்போது காதை ஒட்ட வைத்துப் பார்க்கலாம். மெருகு உருகிப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. தழும்பு தெரியும்.

கிங்ஸ் சர்க்கிள் வேதியியல் | ஞாயிறு, இரவு 10.00

ஒரு சிறு சேர்க்கை. இரண்டாம் முறை சூளையில் வைக்கும்போது 573 டிகிரியைத் தாண்டும்போது மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் அந்த இடத்தில் சட்டென்று விரிந்து சுருங்கும். ஏற்கெனவே அடிபட்ட பூனை, அங்கேதான் விரிசல் விடும்.

செம்பூர் வாசகி | மூன்று வாரங்கள் கழித்து, வியாழன், மாலை 6.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் பதிவுகளை அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். வெண்ணி அம்மாவின் பதிவை இரண்டு முறை கேட்டார். ஜ்யோத்ஸ்னா முப்பது ஆண்டு சூளை அடுக்கியதைக் கேட்டதும், "அவர் கை எப்படி இருந்திருக்கும்" என்று தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பழைய பூனையையும் காதையும் போரிவலிக்கு எடுத்துப் போனோம். தாராவித் தம்பியும் அந்தப் பெண்ணும் அன்றுதான் வந்திருந்தார்கள். மேசையில் உட்கார்ந்து நான்கு பேரும் மண் பிசைந்தார்கள். அம்மாவுக்கு இந்தி அரைகுறை, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் நான்கு சொல். அவள் தாராவியில் வளர்ந்தவள், 'தண்ணி', 'அக்கா', 'போதும்' தெரியும். மண்ணுக்கு அம்மா தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் "போதும், போதும்" என்றாள்.

பழைய பூனைக்கு நீலப்பச்சை கேட்டார் அம்மா. செம்பு கலந்த மெருகு பூசினார்கள். காதைத் தடித்த மெருகு வைத்து ஒட்டி, சாய்ந்துவிடாமல் ஒரு முட்டுக் கொடுத்துச் சூளையில் வைத்தார்கள். வேதியியல் ஐயா சொன்ன இடத்தில் மெதுவாகவே போனார்களாம்.

நேற்றுத் திறந்தார்கள். காது நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. ஒட்டிய இடத்தில் மெருகு திரண்டு ஒரு கோடு. நிறம் கேட்டபடி வரவில்லை. வயிற்றுப் பக்கம் நீலப்பச்சை இருக்கிறது. முதுகில் சூடு கூடுதலாகப் பட்டதால் மெருகு வழிந்து மெலிந்து பழுப்பு தெரிகிறது. அம்மா அதை ஜன்னல் ஓரம், மாலை வெயில் விழும் இடத்தில் வைத்திருக்கிறார். இரண்டாவது பூனை பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. மழை விடாததால் திறக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று போரிவலி அக்கா சொல்லியிருக்கிறார்.